மந்திரத்தை ஊருக்குச் சொல்லலாமா?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் சட்டென்று என்ன ஞாபகம் வருகிறது? டோல்கேட். சிப்காட். ஷிஃப்ட் பஸ். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, விடியற்காலையில் கொட்டாவி விட்டபடி பஸ்ஸுக்கு நிற்கிற இருபது வயசுப் பெண்கள். அங்கிருந்து ஒரகடம் வரைக்கும் போய்ப் பாருங்கள். காட்சி மாறாது. கம்பெனி போர்டுதான் மாறும்.

அந்த ஊருக்கு இன்னொரு பழைய விலாசமும் உண்டு. ராமானுஜர் பிறந்த ஊர்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திர உபதேசம் கேட்டுப் போகிறார் ராமானுஜர். பதினேழு தடவை திருப்பி அனுப்பிவிட்டுப் பதினெட்டாவது தடவைதான் சொல்லிக் கொடுக்கிறார் நம்பி. அதிலும் ஒரு கண்டிஷன். வெளியே மூச்சு விடக்கூடாது. விட்டால் நரகம். சரியென்று தலையாட்டிவிட்டு வந்த ராமானுஜர், நேரே கோயில் கோபுரத்தில் ஏறினார். ஊரைக் கூட்டினார். உரக்கச் சொல்லியே விட்டார். ஒருத்தன் நரகத்துக்குப் போய் ஊரே மோட்சத்துக்குப் போகுமென்றால் லாபம்தானே? அது அவர் கணக்கு.

கையில் இருக்கிற பொக்கிஷத்தைப் பூட்டி வைப்பதா, ஊருக்குத் திறந்து விடுவதா? கம்ப்யூட்டர்காரர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாக இதே கேள்வியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதையின் மிக வேதனையான அத்தியாயம் ஒன்று, விசித்திரம் பாருங்கள், ராமானுஜரின் சொந்த ஊரில்தான் முடிந்தது. அதைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் அமெரிக்கா வரை போய்விட்டு வந்துவிடலாம்.

கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அதை எழுப்பி உட்கார வைத்து, திரையில் எழுத்தைக் காட்டி, நாம் சொல்கிறதைக் கேட்க வைக்கிற உயிர், ஆபரேட்டிங் சிஸ்டம். உங்கள் செல்போனுக்கும் இதே சங்கதிதான். கேள்வி இதுதான். பெட்டியையும் செய்து, உயிரையும் செய்கிற ஒரு கம்பெனி, அந்த உயிரைப் போட்டிக் கம்பெனியின் பெட்டிக்கும் லைசென்ஸ் போட்டு வாடகைக்கு விடலாமா?

புரியும்படி சொல்வதென்றால், ஒரு பிரியாணிக் கடை. கூட்டம் அம்முகிறது. காரணம், தாத்தா காலத்து மசாலா. எதிர்க்கடைக்காரர் வந்து, அந்த மசாலாவைப் பொட்டலம் போட்டுக் கொடுங்கள், காசு தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ஐ.பி.எம். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. 1981 ஆகஸ்டில் அவர்கள் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தபோது அவசரம். பாகங்களைக் கடையில் வாங்கிக் கோர்த்தார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மைக்ரோசாஃப்ட் என்கிற சின்னக் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கம்பெனியும் அதைச் சொந்தமாக எழுதவில்லை. சியாட்டிலில் வேறொரு கம்பெனியிடம் வாங்கி, பட்டி பார்த்துக் கொடுத்தது. ஆனால், பில் கேட்ஸ் ஒரு காரியம் செய்தார். அதே சரக்கை மற்றவர்களுக்கும் விற்கிற உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அங்கேதான் விழுந்தது அடி. காம்பேக் வந்தது. ஐ.பி.எம். பெட்டி மாதிரியே பெட்டி, அதே ஆபரேட்டிங் சிஸ்டம். 1984-ல் மைக்கேல் டெல் என்கிற கல்லூரி மாணவர் தன் விடுதி அறையிலேயே கடை போட்டார். மசாலா விற்றவர் உலகத்தின் பெரும் பணக்காரர் ஆனார். முதல் பிரியாணிக் கடை நடத்திய ஐ.பி.எம்., 2005-ல் அந்தத் தொழிலையே சீனாவின் லெனோவோவிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது.

நஷ்டம் ஐ.பி.எம்.முக்கு. லாபம் யாருக்கு? நமக்கு. சென்னை ரிச்சி தெரு ஞாபகம் இருக்கிறதல்லவா? தொண்ணூறுகளில் அங்கே ஒரு கடையில் மதர்போர்டு, பக்கத்துக் கடையில் ஹார்ட் டிஸ்க், எதிர்க்கடையில் மானிட்டர் என்று வாங்கி, ஒரு பையனைப் பிடித்து 'அசெம்பிள்' பண்ணி, ஆட்டோவில் வீட்டுக்கு எடுத்துப் போனோமே. எந்தப் பெட்டியிலும் ஓடுகிற ஓர் உயிர் இருந்ததால்தான் அது சாத்தியப்பட்டது. ரிச்சி தெருவில் யாராவது ஆப்பிள் மேக் அசெம்பிள் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

முடியாது. ஏனென்றால், ஆப்பிள் மந்திரத்தைச் சொல்லவில்லை.

சொல்லச் சொல்லி யோசனை கொடுத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் பில் கேட்ஸ். 1985 ஜூனில் ஆப்பிளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். மேக் தொழில்நுட்பத்தை மற்ற கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் கொடுங்கள், அப்போதுதான் அது ஊரெல்லாம் பரவும் என்பது சாராம்சம். ஆப்பிள் கேட்கவில்லை. அந்த வருட நவம்பரிலேயே மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை.

பத்து வருடம் கழித்து ஆப்பிளுக்கு ஞானம் வந்தது. தப்பான நேரத்தில். 1995-ல் பவர் கம்ப்யூட்டிங், ரேடியஸ், அப்புறம் மோட்டோரோலா, யூமேக்ஸ் என்று ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கி மேக் பெட்டி செய்து விற்றார்கள். விண்டோஸ் ஆட்களை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று ஆப்பிள் நினைத்தது. அவர்களோ ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். வேகமான பெட்டி, குறைந்த விலை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆப்பிளுக்குக் கிடைத்தது கொஞ்சம் லைசென்ஸ் காசு. போனது ஒரு மேக் விற்பனையின் முழு லாபம். எதிர்க்கடைக்கு மசாலா கொடுத்தால், நம் கடை வாசலில் நிற்கிற கூட்டம்தானே முதலில் அங்கே போகும்?

1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்ப வந்தார். ஆப்பிள் அந்த வருடம் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் இருந்தது. வந்தவர் முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று இந்த லைசென்ஸ். ஒப்பந்தம் மேக்கின் ஏழாம் பதிப்போடு சரி. அடுத்து வந்ததற்கு எட்டு என்று பெயர் வைத்தார்கள். பழைய லைசென்ஸ் எட்டுக்குச் செல்லாது. ஜோலி முடிந்தது! பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது. கடையைச் சாத்தி, பூட்டுப் போட்டார் ஜாப்ஸ். அந்தப் பூட்டை இன்றுவரை திறக்கவில்லை.

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிடலாம்.

2005 ஏப்ரலில் ஃபின்லாந்தின் நோக்கியா, தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. சுற்றிலும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லாஸ் என்று உதிரிபாகக் கம்பெனிகள். ஒரு கட்டத்தில் நேரடி ஊழியர்கள் மட்டுமே சுமார் 8,000 பேர். பெரும்பாலும் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். தங்கை படிப்பு, தம்பி ஃபீஸ், வீட்டுக் கூரை என்று பல குடும்பங்களின் கணக்கு அந்தச் சம்பளத்தில் ஓடியது. அப்போது உலகத்தில் விற்ற பத்து போன்களில் ஏறக்குறைய நான்கு நோக்கியா. இந்தக் கம்பெனி மூடப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால், நோக்கியா அதற்கு முன்பே மந்திர விஷயத்தில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. பெயர் சிம்பியன்.

1998-ல் பிரிட்டனின் சையானோடு நோக்கியாவும் எரிக்சனும் மோட்டோரோலாவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. ஸ்மார்ட்போனுக்கு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். எல்லோருக்கும் லைசென்ஸ். மைக்ரோசாஃப்ட் நம் வீட்டுக்குள் நுழைவதற்குள் நாமே கதவைச் சாத்துவோம் என்பது திட்டம். இதற்கு மேலே தான் எழுதிய 'சீரிஸ் 60' என்கிற முகப்பையும் நோக்கியா மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது. சாம்சங், சீமென்ஸ், பானசோனிக் எல்லாம் வாங்கினார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொது மசாலா. ஆனால், உரலும் உலக்கையும் யார் வீட்டில் இருக்கிறது? நோக்கியா வீட்டில். சந்தையில் தன்னை அடித்துப் போடுகிற ஆளிடமே உயிரை வாடகைக்கு வாங்க யாருக்கு மனசு வரும்? 2003-ல் மோட்டோரோலா பங்கை விற்றுவிட்டுக் கழன்றது. 2004-ல் சையானின் பங்கை நோக்கியா வாங்கப் போனபோது, பெரும்பான்மை அதன் கைக்குப் போய்விடுமே என்று மற்றவர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். இழுத்துப் பிடித்து 47.9 சதவிகிதத்தில் நிறுத்தினார்கள். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடத்திய கடை அது.

அந்த நேரத்தில்தான் மூன்றாவது ஆள் வந்தார். கூகுள்.

2008-ல் முதல் ஆண்ட்ராய்ட் போன் வெளிவந்தது. கூகுளுக்கு போன் கடை கிடையாது. விளம்பரக் கடைதான். மசாலாவுக்குக் காசே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றது. ஆனால், கடை வாசலில் என் போர்டு தொங்க வேண்டும். அவ்வளவுதான். சாம்சங்குக்கும் சோனி எரிக்சனுக்கும் வேறென்ன வேண்டும்? 2010 முடிவதற்குள் இருவரும் சிம்பியனுக்குக் கும்பிடு போட்டார்கள்.

நோக்கியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைக்கவேயில்லை என்று சொல்ல முடியாது. 2008-லேயே சிம்பியனை முழுசாக வாங்கி, 2010 பிப்ரவரியில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கோபுரத்தில் ஏறிச் சொல்லியே விட்டார்கள்! கீழே கேட்பதற்கு ஆளில்லை. கூட்டம் பக்கத்துக் கோபுரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

2011 பிப்ரவரியில் நோக்கியா வேறொரு முடிவெடுத்தது. சொந்த மசாலா வேண்டாம், இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன். வீட்டுக்காரர் வாடகைக்குக் குடிபோனார். இரண்டரை வருடத்தில், 2013 செப்டம்பரில், போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார். காப்புரிமை லைசென்ஸையும் சேர்த்து 544 கோடி யூரோ.

ஸ்ரீபெரும்புதூரில் தயாரானவை பெரும்பாலும் சிம்பியன் போன்கள் இல்லை. அடிப்படை போன்கள். ஆனால், மேலே கப்பல் ஓட்டை என்றால் கீழ்த்தளத்தில் இருப்பவர் கதி என்ன? விலை மலிந்த ஆண்ட்ராய்ட் போன்கள் அந்தச் சின்ன போன் சந்தையையும் கடிக்கத் தொடங்கியிருந்தன.

இதெல்லாம் போதாதென்று வந்தது வருமான வரித்துறை. 2013 ஜனவரியில் தொழிற்சாலையில் சோதனை. விவகாரம் என்ன? ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஒவ்வொரு போனுக்குள்ளும் ஏற்றுகிற சாஃப்ட்வேர், ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனியிடமிருந்து வருகிறது. அதற்கு இந்தியக் கிளை பணம் அனுப்புகிறது. அந்தப் பணம் ராயல்டி, அதில் வரி பிடித்துக் கட்டியிருக்க வேண்டும் என்றது துறை. சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ராயல்டி இல்லை, போனின் மற்ற பாகங்களைப் போல அதுவும் விலை கொடுத்து வாங்கிய ஒரு பாகம்தான் என்றது நோக்கியா.

கவனித்தீர்களா? பிரியாணியில் கலந்துவிட்ட மசாலாவுக்குத் தனி பில் உண்டா, இல்லையா? ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது பொருளா, லைசென்ஸா? அமெரிக்காக்காரர்கள் முப்பது வருடம் வியாபாரமாகச் சண்டை போட்ட கேள்வி, இங்கே வரி நோட்டீஸாக வந்து நின்றது.

சொத்துகள் முடக்கப்பட்டன. தொழிற்சாலையை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற்ற வேண்டுமென்றால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடு என்றது கோர்ட். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. தமிழக அரசின் விற்பனை வரி நோட்டீஸ் வேறு தனியாக வந்தது. ஏப்ரல் 25 அன்று நோக்கியாவின் போன் தொழில் முழுக்க மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் மட்டும் பின்தங்கி நின்றது. கல்யாண பஸ்ஸில் இடமில்லாமல் தெருவில் நின்ற விருந்தாளி மாதிரி.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்கு போன் செய்து கொடுத்தார்கள். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். விருப்பம் என்று பெயர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசில் எந்தப் பெண் ஓய்வை விரும்புவாள்? மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. கடைசி வரை இருந்தவர்கள் சுமார் 850 பேர். டிசம்பரில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கானும் வேலையை நிறுத்தியது. ஹெல்சிங்கி பக்கத்தில் ஓர் அறையில் எடுத்த முடிவுக்கு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் பில் போனது.

பிற்பாடு என்ன ஆயிற்று? 2018-ல் இரண்டு நாடுகளும் பேசி வரிச் சண்டையைத் தீர்த்தார்கள். நோக்கியா 20 கோடி யூரோ அளவுக்குக் கட்டியது. 2021 மார்ச்சில் வேறு கம்பெனிகளின் வழக்கொன்றில், வெளிநாட்டு சாஃப்ட்வேரை வாங்கி உபயோகிப்பதற்கும் விற்பதற்கும் கொடுக்கிற பணம் ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் போன் தொழிற்சாலையே இல்லை.

மைக்ரோசாஃப்டாவது ஜெயித்ததா என்றால், அதுவும் இல்லை. மசாலாக் கம்பெனி ஒரு ஹோட்டலையும் வாங்கிவிட்டால், மற்ற ஹோட்டல்காரர்கள் அங்கே மசாலா வாங்குவார்களா? மற்ற கம்பெனிகளுக்கு விண்டோஸ் போன் செய்கிற ஆசை அடியோடு போயிற்று. 2015-ல், நோக்கியாவை வாங்கிய வகையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். கூகுளும் இதே தப்பைச் செய்யப் பார்த்தது. 1,250 கோடி டாலருக்கு மோட்டோரோலாவை வாங்கியது. சீக்கிரமே சுதாரித்துக்கொண்டு 2014-ல் லெனோவோவுக்கு விற்றது. அந்த மோட்டோரோலா போன்களை 2015-ல் எங்கே செய்தார்கள்? ஸ்ரீபெரும்புதூர் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில்.

ஆக, லைசென்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்கிற கேள்விக்கு இத்தனை வருடச் சரித்திரம் சொல்கிற பதில் ரொம்ப சிம்பிள். உனக்குச் சோறு போடுவது எது? பெட்டியா, உயிரா? உயிரில் சம்பாதிக்கிறவன் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெட்டியில் சம்பாதிக்கிறவன் பூட்டித்தான் வைக்க வேண்டும். இரண்டு படகில் கால் வைத்தவர்கள்தான் மூழ்கினார்கள். 1995 ஆப்பிள் மூழ்கப் பார்த்தது. நோக்கியா மூழ்கியே போனது.

அதற்காக, காசு வாங்காமல் கொடுத்தவர் தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்ட் லைசென்ஸில் கூகுள் போட்ட நிபந்தனைகளுக்காக, 2022 அக்டோபரில் நம் நாட்டுப் போட்டி ஆணையம் 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இலவச மசாலாவின் விலை அந்த வாசல் போர்டுதான்.

இப்போது அதே ரோட்டில் போய்ப் பாருங்கள். நோக்கியா இருந்த கட்டடத்தை சால்காம்ப் வாங்கியிருக்கிறது. சார்ஜர் வேலை. ஃபாக்ஸ்கானில் 2019-லிருந்து ஐபோன். எவனுக்கும் லைசென்ஸ் தராத ஆப்பிளின் போன். பெண் தொழிலாளர்களுக்காகவே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதி 2024-ல் திறந்தார்கள். கொஞ்ச தூரத்தில், 2007-லிருந்து அடுத்தவரின் விண்டோஸைப் போட்டே பெட்டி விற்கிற டெல். பூட்டி வைத்த மந்திரமும், ஊருக்குச் சொன்ன மந்திரமும் ஒரே சிப்காட் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகின்றன.

இரண்டிலும் நாம் செய்வது உடம்பை. உயிர் வெளியிலிருந்துதான் வருகிறது. அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்கிற பேச்சு நடக்கிற மேஜையில் நமக்கு நாற்காலி இல்லை. முடிவு சரியாக இருந்தால் லாபம் அந்த மேஜைக்குப் போகிறது. தப்பாகப் போனால் முதல் பில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு வருகிறது. 2014-ல் வந்த மாதிரி.

ராமானுஜர் ஏன் துணிந்து கோபுரம் ஏறினார்? அவருக்குக் கடை கிடையாது. நரகம் என்றாலும் போகப் போகிறவர் அவர். கடைக்காரர்கள் விஷயம் வேறு. மந்திரத்தை அவர்கள் பூட்டினாலும் சரி, விற்றாலும் சரி, கணக்குத் தப்பினால் நரகத்துக்கு வேறு யாரையோதான் அனுப்புகிறார்கள்.